பெண்கள் டிக்கெட் ஜன்னலில் கேட்ட தீர்ப்புகள்

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவளுக்குக் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். டிக்கெட்டைக் கிழித்து நீட்ட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் "படம் எப்படி?" என்ற கேள்வி வந்து விழுந்துவிடும். யாருக்காவது ஒரு படத்தைச் சிபாரிசு செய்துவிட்டு, மறுநாள் அவர் கண்ணில் படாமல் இருக்க வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனவரா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களுக்காவது வேறு தெரு இருந்தது. எனக்கு அந்த ஜன்னலை விட்டால் போக்கிடம் கிடையாது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். சங்கரன்கோவிலில் எங்கள் கொட்டகைக்கு மேலே கீற்று, கீழே மணல், ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தட்டி. என் வீட்டுக்காரர் அங்கே படம் ஓட்டுகிற ஆபரேட்டர். பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் மகளோடு கோவில்பட்டிக்குக் குடிபோய்விட்டாள். முதலாளி என் வீட்டுக்காரரிடம், "உம்ம வீட்டம்மாவுக்கு நாலு எழுத்து தெரியும்லா, அவளக் கொண்டாந்து உக்கார வையும்" என்றார். அப்படித்தான் நான் அந்தத் தகர ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கே நான் சொன்னதைவிட வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். அதில் சிலதைச் சொல்கிறேன்.

பார்க்காத படத்துக்கு நற்சாட்சி

முதல் நாள் முதல் ஆளாக ஜன்னலுக்கு வந்தவள் பேச்சியம்மாள். நெசவுக்காரத் தெருவில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள், நாற்பது வயதிருக்கும். டிக்கெட்டைக் கையில் வாங்காமலே, "படம் எப்படிட்டி?" என்றாள். நான் அப்போது கொட்டகைக்குள்ளேயே போனதில்லை. ஆனால் டிக்கெட் கொடுக்கிறவள் தெரியாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? "ரொம்ப நல்ல படம்க்கா. குடும்பத்தோட பாக்கலாம்" என்று சொல்லிவைத்தேன். அவள் ஓடிப்போய் இரண்டு நாத்தனார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

படமோ, முதல் ரீலில் ஆரம்பித்த கத்திச்சண்டை கடைசி ரீல் வரைக்கும் ஓயாத படம். பிள்ளைகள் பயந்து அழுததில் பாதிப் படத்தை அவள் கொட்டகைக்கு வெளியேதான் கழித்திருக்கிறாள். ஆட்டம் விட்டதும் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். அடிப்பாளோ என்று நான் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்: "ஏட்டி, நீ படத்தப் பாத்தியா, டிக்கெட்ட மட்டும் பாத்தியா?"

கதாநாயகி நெய்த சேலை

அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டேன், பார்க்காத படத்துக்கு இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று. வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ரயிலில் படப்பெட்டி வரும். அன்று யார் கேட்டாலும் "இன்னும் பாக்கல, நாளைக்கு வா" என்பேன். டிக்கெட் கொடுத்து முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய் மணலில் உட்கார்ந்துவிடுவேன். பேச்சியக்காவும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். நான் அவளைப் பார்ப்பேன், அவள் திரையைப் பார்ப்பாள். அவள் முகத்தில் தெரிந்ததைத்தான் மறுநாள் நான் ஜன்னலில் சொல்வேன் என்பது ஒருத்தருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையில் அவள் தெருவில் நூல் ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது முழுக்கதையையும் சொல்லுவாளாம். பாட்டு வருகிற இடத்தில் பாட்டு, அழுகை வருகிற இடத்தில் அழுகை. வீட்டை விட்டு வரமுடியாத பெண்கள் அவள் வாயாலேயே படம் பார்த்தார்கள். ஒருதரம், புருஷன் கைவிட்ட கதாநாயகி தறி நெய்து பிள்ளையை வளர்க்கிற படம் வந்தது. கொட்டகையே அழுதது, நானும் அழுதேன். பேச்சியக்கா மட்டும் கண்ணைச் சுருக்கி அந்த நடிகையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "என்னக்கா, ஒனக்கு அழுகை வரலியா?" என்று கேட்டேன். "வராம என்ன, வந்துச்சு. அவ தறியில உக்காந்ததும் நின்னுட்டு. தறி நாடாவ அப்படியா தள்ளுவாக? அந்தப் புள்ள நெய்ஞ்ச சேலைய நான் உடுத்துனா, தெரு முக்கு திரும்பதுக்குள்ள பிரிஞ்சு போயிரும்!"

என் வீட்டு விமர்சகர்

வாரத்துக்குப் பதினாலு ஆட்டம் ஓட்டுகிற ஆபரேட்டருக்குத்தானே படத்தைப் பற்றி அதிகம் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணுக்குக் கதாநாயகி தெரியமாட்டாள்; ரீலில் ஒட்டுப் போட்ட இடம்தான் தெரியும். ஒரு காதல் படத்தை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. நிலா வெளிச்சத்தில் ஒரு பாட்டு. கோவில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள்கூட அதையே முணுமுணுத்தார்கள். சோறு போடும்போது ஆசையாகக் கேட்டேன், "அந்த நிலாப் பாட்டு ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று. மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "எட்டாவது ரீலுதான? ஓரம் கிழிஞ்சிருக்கு, பாத்து ஓட்டணும்."

குருவிகுளத்து வண்டிகள்

மிளகாய் பறித்து முடித்த கையோடு குருவிகுளத்திலிருந்து இரண்டு வண்டி நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவள் பெயர் ராமலட்சுமி. நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அந்த வாரப் படமோ மகா மட்டம். ராஜாவுக்கு மீசை ஒரு காட்சியில் இருக்கும், அடுத்த காட்சியில் இருக்காது. இத்தனை தூரம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்களை அந்தப் படத்துக்குள் தள்ள எனக்கு மனசு வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "மதினி, இந்தப் படம் சரியில்ல. கோவிலுக்குப் போய் அம்மனக் கும்பிட்டுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வேற படம் வருது" என்றேன். எனக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவர் முகம் காய்ந்த மிளகாய்போல் ஆகிவிட்டது. "தாயி, நல்லாருக்குன்னு சொல்லு, இல்லன்னா சும்மா இரி. என் கொட்டகைய நீயே பூட்டிராத" என்றார்.

அதற்குள் ராமலட்சுமி தன் படையைத் திரும்பிப் பார்த்தாள். "வந்தது வந்தாச்சு. எம்புட்டு மோசம்னு உள்ள போயிப் பாத்துருவோமே" என்றாள். அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கிளம்பியது. ராஜா அழுதால் சிரிப்பு, ராணி மயங்கி விழுந்தால் அதைவிடச் சிரிப்பு. "மீசையத் தேடுங்கட்டி, மணல்ல விழுந்து கிடக்கும்!" என்று ராமலட்சுமி கத்தியதில் ஆண்கள் பக்கமும் தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காடு முழுக்கக் குனிந்து பறித்த முதுகு அது. அன்றைக்குச் சிரித்துச் சிரித்து நிமிர்ந்ததுபோல இருந்தது எனக்கு. வண்டியில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்: "இதவிட மோசமா ஒண்ணு வந்தா சொல்லி அனுப்பு தாயி, இன்னும் ரெண்டு வண்டி கட்டிட்டு வாரோம்!"

பாதிப் படம்

கடையநல்லூரிலிருந்து ஆமினா என்றொரு பெண், எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட தன் அக்காவைப் பார்க்க வருவாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் ஒருநாள் ஜன்னலுக்கு வந்தார்கள். "அக்கா, இந்தப் படத்துல கப்பல் வருதாமே?" என்றாள் ஆமினா. அவள் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். கடிதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. "மச்சான் எதுல ஏறிப் போனாவன்னு நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

கப்பல் வரும், நல்ல பெரிய கப்பல்தான். ஆனால் இடைவேளைக்கு அப்புறம் கடல் கொந்தளித்து, அதில் போனவன் திரும்பி வரவே மாட்டான். அவள் அக்காவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே, "கப்பல் முன்பாதியிலயே வந்துரும் தங்கச்சி. பின்பாதி வெறும் வளவளதான். விளக்குப் போட்டதும் எந்திச்சு வந்துரு" என்றேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இடைவேளையில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆமினா முகத்தைப் பார்க்கவேண்டுமே! "எம்மாடி, எம்புட்டுப் பெருசு! அதெல்லாம் முங்காதுக்கா" என்றாள். பிறகு, "பாக்கிக் கதை என்ன?" என்று கேட்டாள். அந்த ஜன்னலில் உட்கார்ந்து நான் தெரிந்தே சொன்ன பொய்களில் பெரியது இதுதான். "என்ன, நல்லாச் சம்பாரிச்சுட்டு ஊருக்கு வந்து சேர்ந்துருதான். அம்புட்டுதான்."

அன்றிலிருந்து அந்தப் பொய் என் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அவள் அக்காவைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் கேட்கப் பயந்துகொண்டே, "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள். அடுத்த நோன்பு கழிந்து, ஒரு சாயங்காலம் ஜன்னலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆமினா, பக்கத்தில் பூப்போட்ட சட்டையும் கைலியுமாக மெலிந்த மனிதர் ஒருவர். கடுதாசி எழுதக் கை விளங்காத காய்ச்சலில் கிடந்து பிழைத்து வந்தாராம். ஆமினா என்னைக் காட்டி அவரிடம் சொன்னாள்: "இந்த அக்காதான், நீங்க வாரதுக்கு முந்தியே நீங்க வந்துட்டியன்னு எனக்குச் சொன்னது."

காதால் பார்த்தவள்

கொட்டகை வாசலில் அவித்த கடலை விற்ற மாடத்தி, உள்ளே ஒரு படமும் பார்த்ததில்லை. கடலைக் கூடையை விட்டுவிட்டு எங்கே போவாள்? ஆனால் கீற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டே அவள் சொல்லும் தீர்ப்பு ஒருநாளும் தப்பாது. "இந்தப் பிள்ள பொய்யா அழுதா", "அப்பனா வாரவன் குடிகாரன் இல்ல, குடிகாரனாட்டம் பேசுதான்" என்பாள். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். இத்தனை ஞானம் இருந்தும் ஒரு படம் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. ஒருநாள் கூடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, முதலாளியிடம் கேட்டு அவளை உள்ளே அனுப்பினேன். அதற்கு முந்தின நாள்தான் அந்தப் படத்தை வெளியே இருந்து கேட்டுவிட்டு, பிரமாதம் என்று சொல்லியிருந்தாள்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். உடம்புக்குச் சரியில்லையோ என்று பதறிப்போய்க் கேட்டேன். கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "கேக்கும்போது அந்த மகராசி இதவிட அழகா இருந்தா."

கைநாட்டு

வேலம்மாள் என்று ஒருத்தி, சின்ன வயசு. இளையரசனேந்தல் பக்கத்தில் இறந்துபோன புருஷன் விட்டுச்சென்ற கரிசல் காடு கொஞ்சம் அவளுக்கு இருந்தது. புருஷனின் அண்ணன் எங்கள் ஊரில் பெரிய கை. எங்கள் கொட்டகை நின்ற இடமே அவருடையதுதான். ஒரு சாயங்காலம் அவள் தன் அத்தையோடு ஜன்னலுக்கு வந்து, "நெஞ்சு கனமா இருக்குக்கா. கொஞ்சம் அழுதா தேவல. அழுகைப் படமா?" என்றாள். "வாய்விட்டு அழலாம், போ" என்று டிக்கெட் கொடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் காட்டை அந்த அண்ணன் பேருக்கு எழுதிக்கொடுக்கக் கைநாட்டு வைக்கப் போகிறாள் என்று எனக்கு யார் சொன்னது? படத்தில் ஒரு விதவை, புருஷனுடைய அண்ணன்காரன் நீட்டிய பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் பிள்ளையோடு தெருத்தெருவாக அலைகிறாள். மறுநாள் பத்திரம் எழுதுகிறவர் வீட்டில் மையை எடுத்து நீட்டியபோது, வேலம்மாள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு "மாட்டேன்" என்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு முன்னால் புருஷனின் அண்ணன் நேராகக் கொட்டகைக்கு வந்தார். "எவ அவள இந்தப் படத்துக்குப் போகச் சொன்னவ? ஒரு வாரத்துல கொட்டகையப் பிரிச்சுட்டு எடத்தக் காலி பண்ணும்வே!" என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மெஷின் ரூமிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். என்னால் இத்தனை பேர் பிழைப்புப் போகிறதே என்றுதான் எனக்கு இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணை அனுப்பியது தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அண்ணாச்சி, படத்த நீங்க பாத்தியளா? ஒரு தடவ பாத்துட்டுத் திட்டுங்க. அப்பவும் கெட்ட படம்னு தோணுச்சுன்னா, நானே வேலைய விட்டுப் போயிருதேன்" என்றேன். முதலாளி உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்துக்காக மறுக்க முடியாமல் அவர் உட்கார்ந்தார். அந்த முதல் ஆட்டம் முடிகிறவரைக்கும் நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து மனசுக்குள்ளே பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டகையை யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்தைப் பற்றி அவர் மறுபடி பேச்செடுக்கவில்லை. அந்த வருஷம் வேலம்மாள் தன் காட்டில் தானே நின்று பருத்தி விதைத்தாள். அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் புரியாததுபோல இருந்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆட்டம் விட்டதும் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தியமாகச் சொல்கிறேன், இப்படித்தான் சொன்னார்: "படம் நல்ல படம்தாம்மா. ஆனா அந்த அண்ணன்காரன் இருக்காம்பாரு, அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா முதுகுத் தோல உரிச்சுருவேன்!"

ஒரு படத்தை நல்ல படம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு, அதைப் பார்த்தவர்கள் வெளியே வருகிற வாசலிலேயே உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்கு முதலாளி சம்பளம் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.